முதலில் வால்ட்டா, சாலா?

தம்பி போன வாரம் போனில் கேட்டான். "அக்கா, பிரேக்கிங் பேட், பெட்டர் கால் சால் ரெண்டையும் பாத்து முடிச்சிடலாம்னு இருக்கேன். எதுல ஆரம்பிக்கட்டும்?" போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் "சால்ல ஆரம்பி" என்றார். "அவர் சொல்றதைக் கேக்காதே" என்றேன் நான். அரை மணி நேரம் நாங்கள் இருவரும் வாதாடியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

இரண்டும் ஒரே குற்ற உலகத்தில் நடக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள், இரண்டாவது முதலாவதின் முன்கதை. முடிவுக்கு வரலாம் என்று உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, இது சும்மா ரசனை விஷயம் இல்லை. எந்தத் தொடரை முதலில் பார்க்கிறோமோ, அதன் நாயகன்தான் நம்ம ஆள் ஆகிவிடுகிறான். மற்றவன் அந்தக் கதைக்குள் வந்துபோகிறவன். பிரேக்கிங் பேடின் வால்டர் ஒயிட்டோடு உள்ளே போனவருக்கு சால் குட்மேன் ஒரு வேடிக்கையான வக்கீல். பெட்டர் கால் சாலில், பின்னால் அதே சாலாக மாறப்போகும் ஜிம்மி மெக்கிலோடு உள்ளே போனவருக்கு வால்டர், ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும் ஒருவனின் மேல் வந்து மோதுகிற ஆள். நானும் என் கணவரும் ஒரே கதையைத்தான் பார்த்திருக்கிறோம், ஆனால் வேறு வேறு ஆட்களுக்காகக் கவலைப்பட்டிருக்கிறோம்.

யார் சாகிறார்கள், யார் தப்பிக்கிறார்கள் என்பதை இங்கே தொடப்போவதில்லை. பாத்திரங்களைப் பற்றிப் பேசாமல் வரிசையைப் பற்றிப் பேச முடியாது என்பதால் தொடக்கக் காட்சிகள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஒன்றுமே தெரியாமல் போய்ப் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு பிரேக்கிங் பேட் முதல் எபிசோடைப் போட்டுவிடலாம். என் பதில் அதுதான்.

சரி, கணக்கு. பிரேக்கிங் பேட் 2008 ஜனவரியில் ஆரம்பித்து 2013 செப்டம்பரில் முடிந்தது. ஐந்து சீசன், 62 எபிசோடு. பெட்டர் கால் சால் 2015 பிப்ரவரி முதல் 2022 ஆகஸ்ட் வரை. ஆறு சீசன், 63 எபிசோடு. இடையில் 2019 அக்டோபரில் எல் கமினோ என்று இரண்டு மணி நேரப் படம் ஒன்று வந்தது. தினமும் ஓர் எபிசோடு என்றால் மொத்தம் நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். எல்லாம் நியூ மெக்சிகோவின் அல்புகர்கி நகரத்தில் நடப்பது. பின்னால் வந்த பெட்டர் கால் சாலின் கதை 2002-இல் தொடங்குகிறது. முன்னால் வந்த பிரேக்கிங் பேடின் கதை 2008-இல் தொடங்குகிறது. குழப்பம் இங்கேதான்: வெளியான வரிசை ஒன்று, கதை நடக்கும் வரிசை வேறு.

ஆக வழி மூன்று. வெளியான வரிசையில் வால்ட் முதலில், சால் பிறகு. இல்லையென்றால் சால் முழுவதும் முதலில், அப்புறம் வால்ட். மூன்றாவது, கதையின் காலத்தையே பிடித்துக்கொண்டு, பெட்டர் கால் சாலை ஆறாம் சீசன் ஒன்பதாம் எபிசோடு வரை பார்த்து நிறுத்தி, பிரேக்கிங் பேடையும் படத்தையும் முடித்துவிட்டு, மிச்சம் இருக்கும் நான்கு எபிசோடுகளுக்குத் திரும்பி வருவது. மூன்றையும் எங்கள் வீட்டில் பார்த்தாகிவிட்டது. முதல் வழி நான். இரண்டாவது என் கணவர், அதுவும் திட்டம் போட்டு இல்லை. நான் வாராவாரம் பெட்டர் கால் சால் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர், அப்படியே ஒட்டிக்கொண்டார். மூன்றாவதை இருவரும் சேர்ந்து, மறுமுறை பார்க்கும்போது முயன்றோம்.

இரண்டு தொடரும் எப்படித் திறக்கின்றன என்று பாருங்கள். பிரேக்கிங் பேடில் பாலைவன வானத்தில் ஒரு கால்சட்டை பறந்து வந்து விழும். அதன் மேல் ஒரு பழைய வேன் ஏறிப் போகும். ஓட்டுபவர் உள்ளாடையும் வாயு முகமூடியுமாக ஒரு நடுத்தர வயது ஆசாமி. என்ன, ஏன் என்று கேட்காமல் எழுந்து போக யாராலும் முடியாது. பிறகுதான் அவர் யார் என்று தெரிகிறது: பள்ளியில் வேதியியல் வாத்தியார், மாலையில் கார் கழுவும் இடத்தில் வேலை, ஐம்பது வயதில் நுரையீரல் புற்றுநோய். அந்த முதல் சீசன் ஏழே எபிசோடு. 2007–08 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் அப்படிச் சுருங்கிப் போனது. ஆனால் புதிதாக வருகிறவருக்கு அது வசதியாகிவிட்டது. ஏழு எபிசோடில் இது நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும்.

பெட்டர் கால் சாலோ கறுப்பு வெள்ளையில் ஆரம்பிக்கிறது. ஒமாகா நகரத்து மால் ஒன்றில், கண்ணாடியும் மீசையும் வைத்த ஒருவர் இனிப்பு ரொட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டிருக்கிறார். யாரோ ஒருவர் தன்னையே உற்றுப் பார்ப்பதாக நினைத்துப் பயப்படுகிறார். வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, பழைய வீடியோ டேப் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார். பேச்சே கிட்டத்தட்டக் கிடையாது. பிரேக்கிங் பேட் முடித்துவிட்டு வந்த எனக்கு அந்த ஐந்தாறு நிமிடத்தில் தொண்டை அடைத்தது. என் கணவர் "இவர் யாரு? திரும்ப வருவாரா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. முதல் ஐந்து சீசனும் இப்படித்தான் தொடங்குகின்றன. பிரேக்கிங் பேட் பார்க்காதவருக்கு ஐந்து முறையும் அது ஓர் அந்நியரின் கதை.

இரண்டாவது வழியின் முதல் ஓட்டை அது. இன்னொன்றை நான் நேரிலேயே பார்த்தேன்.

மூன்றாம் சீசன், இரண்டாம் எபிசோடு. 2017 ஏப்ரல். ஜிம்மி ஒருவரை வேவு பார்ப்பதற்காக ஒரு கோழிக்கறி உணவகத்துக்குள் போய் உட்கார்கிறான். கேமரா அவன் முகத்தில்தான் இருக்கிறது. அவனுக்குப் பின்னால், கவனம் இல்லாமல் மங்கலாக, மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் தரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். நான் சோபாவிலிருந்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டேன். "என்னாச்சு?" என்றார் இவர். "ஒண்ணுமில்ல, பாருங்க" என்றேன். அவருக்கு அது கடைக்காரர் கூட்டுகிறார், அவ்வளவுதான். எனக்கோ அந்தத் துடைப்பம் அசையும் நிதானத்திலேயே ஆளைத் தெரிந்துவிட்டது: பிரேக்கிங் பேடில் வரும் கஸ் ஃபிரிங். அவராக நடித்த ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

அதற்கு முந்தைய வருடமே ரசிகர்கள் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் சீசனின் பத்து எபிசோடுத் தலைப்புகளின் முதல் ஆங்கில எழுத்துகளை எடுத்து மாற்றி அடுக்கினால் "ஃபிரிங் திரும்பி வந்துவிட்டார்" என்று ஒரு சொற்றொடர் வரும். அதைப் படித்துவிட்டு ஒரு வருடம் காத்திருந்தவர்களுக்காகத்தான் அந்தத் துடைப்பக் காட்சி அவ்வளவு பொறுமையாக எடுக்கப்பட்டிருக்கிறது. சாலை முதலில் பார்ப்பவர் இந்தக் காட்சியை இழக்கிறார் என்பதோடு முடியவில்லை. பிரேக்கிங் பேட் இரண்டாம் சீசன் பதினோராம் எபிசோடில் வால்டர் அதே உணவகத்தில் மணிக்கணக்கில் ஒருவருக்காகக் காத்திருப்பான். பணிவோடு மேசையருகே வந்து போகும் மேலாளரைக் கவனிக்கவே மாட்டான். வால்டரோடு சேர்ந்து நாமும் ஏமாற வேண்டிய இடம் அது. கஸ்ஸை ஏற்கெனவே தெரிந்த என் கணவர் ஏமாறவில்லை. "அதான் பக்கத்துலயே நிக்கறாரே" என்றார். ஒரே வரிசை மாற்றத்தில் இரண்டு நல்ல காட்சிகள் போச்சு.

ஆனால் அவர் பக்கத்தையும் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவருக்குக் கிடைத்த சில விஷயங்கள் எனக்குக் கிடைக்கவில்லை.

அதில் முக்கியமானது ஸ்கைலர். 2013-இல் நான் பார்த்தபோது வால்டரின் மனைவி என்னை எரிச்சல்படுத்தினாள். அவன் ஏதோ பெரிதாகச் செய்யப் போகும்போதெல்லாம் குறுக்கே நிற்கிறாளே என்று தோன்றும். நான் மட்டும் இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான் இருந்தது. வெறுப்பு எந்த அளவுக்குப் போனதென்றால், அந்தப் பாத்திரத்தில் நடித்த அனா கன் அந்த ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் அவர் எம்மி விருது வாங்கினார் என்பது வேறு. என் கணவருக்கு இந்த எரிச்சல் வரவே இல்லை. அவர் பெட்டர் கால் சாலில் ஜிம்மிக்கு நெருக்கமான கிம் வெக்ஸ்லரோடு ஆறு சீசன் பழகிவிட்டு வந்தவர். பொய் சொல்லும் ஒருவனை நேசிக்கும் பெண்ணின் முகத்தில் என்னென்ன ஓடும் என்று கிம்மாக நடித்த ரியா சீஹார்ன் அவருக்குக் காட்டியிருந்தார். முதல் சீசனிலேயே, "இந்தம்மா சொல்றதுல என்ன தப்பு?" என்று கேட்டார். நான் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் அந்த இடத்துக்கு வந்தேன். (சீஹார்னுக்கு அந்த வேடத்துக்காக எம்மி கிடைக்காமலே போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.)

அப்புறம் அந்தப் பாலைவனக் காட்சி. சால் குட்மேன் உலகத்துக்கு அறிமுகமானது பிரேக்கிங் பேட் இரண்டாம் சீசன் எட்டாம் எபிசோடில், 2009-இல். கூரையில் காற்றடைத்த சுதந்திர தேவி சிலை, சுவர் முழுக்க அரசியல் சாசனம் அச்சடித்த தாள். இப்படி ஓர் அலுவலகம் வைத்திருப்பவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் வால்ட்டும் அவன் கூட்டாளி ஜெஸ்ஸியும். முகத்தை மூடிக்கொண்டு, வெட்டிவைத்த குழிக்கு முன்னால் மண்டியிட வைக்கிறார்கள். அவன் பதறுகிறான்: நான் இல்லை, இக்னாசியோதான்! பிறகு, லாலோ அனுப்பவில்லையா? என்கிறான். அவன் நினைத்த ஆட்கள் இவர்கள் இல்லை என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். இரண்டே நிமிடத்தில், ஆளுக்கு ஒரு டாலரை என் சட்டைப் பையில் போடுங்கள், நீங்கள் என் கட்சிக்காரர்கள் ஆகிவிடுவீர்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று பேரம் பேசத் தொடங்கிவிடுவான்.

முதல் முறை பார்த்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இக்னாசியோ யார், லாலோ யார் என்ற கேள்வியே எழவில்லை. உயிர்பயத்தில் ஏதோ பெயரை உளறுகிறான் என்று நினைத்தேன். எழுதியவர்களுக்கே அப்போது தெரியாது. ஆறு வருடம் கழித்து பெட்டர் கால் சால் வந்தபோது இக்னாசியோ என்ற பெயருக்கு நாச்சோ என்று ஓர் ஆள் கிடைத்தான். நான்காம் சீசனில், 2018-இல், லாலோ புன்னகையோடு வந்து நின்றான். ஒரு வரி உளறலிலிருந்து இரண்டு முழு மனிதர்கள். என் கணவர் இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு அந்தப் பாலைவனத்துக்கு வந்தார். சிரிக்கவில்லை. "லாலோ" என்ற சொல் வந்ததும் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் இன்னும் அதே பயத்துலதான் இருக்கான்" என்றார்.

இதைப் பார்த்த அன்றைக்கு நானும் அவர் பக்கம் சாய்ந்தேன். ஆனால் அடுத்த வாரமே வேறொன்று நடந்தது. அவர் கிம்மைத் தேட ஆரம்பித்தார்.

சால் திரையில் வரும்போதெல்லாம் "கிம் எங்கே? எப்ப வருவா?" என்பார். சால் போனை எடுத்தால் அவளாக இருக்குமோ என்று பார்ப்பார். வரமாட்டாள். பிரேக்கிங் பேட் எழுதியபோது கிம் என்று ஒருத்தியே கிடையாது, இருந்தால்தானே வருவதற்கு? மிச்ச எபிசோடு முழுக்க, அந்தத் தொடரிடம் இல்லாத ஒன்றை அதனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார் அவர். எனக்கு இது தலைகீழ். கிம்மை நான் முதலில் பார்த்தது பெட்டர் கால் சாலின் முதல் எபிசோடில், வாகன நிறுத்துமிடத்துச் சுவரில் சாய்ந்து நின்றபடி. ஜிம்மி வந்து அவள் உதட்டிலிருந்த சிகரெட்டை எடுத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்ப வைப்பான். பேச்சே இல்லாத அந்த ஒரு நொடியில் இருவருக்கும் எத்தனை வருடப் பழக்கம் என்று தெரிந்துவிடும். உடனே அடிவயிற்றில் ஒரு கலக்கம்: இவ்வளவு நெருக்கமான ஒருத்தி அந்தத் தொடரில் ஏன் இல்லை? ஏழு வருடம் நான் அந்தக் கேள்வியோடு இருந்தேன். கார் சாலையில் ஓடினால் பயம், அவள் தனியாக வீட்டில் இருந்தால் பயம். பிரேக்கிங் பேடிலும் வருகிற மைக்குக்கும் கஸ்ஸுக்கும் இந்தத் தொடரில் ஒன்றும் ஆகாது என்று தெரியும். அதில் வராத கிம், நாச்சோ, ஹோவர்ட் மூவருக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. முன்கதை என்றால் முடிவு தெரிந்த கதை, அதில் என்ன விறுவிறுப்பு என்று கேட்பார்கள். முடிவு தெரிந்ததால்தான் இதில் விறுவிறுப்பே. தெரியாதவருக்கு கிம் ஒரு நல்ல பாத்திரம். தெரிந்தவருக்கு அவள் ஒரு கவலை.

சக் விஷயமும் அப்படியே. என்னைப் பொறுத்தவரை முதல் வழிக்கு இதைவிடப் பலமான காரணம் கிடையாது. ஜிம்மியின் அண்ணன் சக், பெரிய வக்கீல். மின்சாரம் உடம்புக்கு ஆகாது என்று நம்பி விளக்கில்லாத வீட்டில், வெள்ளிநிறப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாழ்கிறார். அவரைப் பார்க்கப் போகிறவர் போன், சாவி, கடிகாரம் எல்லாவற்றையும் வாசலில் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். தம்பி தினமும் அவருக்குப் பத்திரிகையும் ஐஸும் சுமந்துகொண்டு போகிறான். அதே சக்தான் சொல்கிறார், சட்டப் பட்டம் வாங்கிய ஜிம்மி இயந்திரத் துப்பாக்கி கிடைத்த குரங்கு மாதிரி என்று. என் கணவருக்கு சக் மேல் வந்தது சுத்தமான கோபம். கூடப்பிறந்தவனை இப்படிச் சொல்லலாமா? எனக்கும் கோபம்தான், ஆனால் கூடவே ஒரு முள்: சால் குட்மேன் என்ன ஆகப்போகிறான் என்று நான் பார்த்திருக்கிறேன், சக் சொல்வது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அண்ணன் சொன்னதால் தம்பி அப்படி ஆனானா, தம்பி அப்படித்தான் என்பதால் அண்ணன் சொன்னாரா? ரசிகர்கள் இன்றைக்கும் இதில் இரண்டு கட்சி. மூன்றாம் சீசன் ஐந்தாம் எபிசோடில், ஒரே அறையில், விசாரணையில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்காரும்போது இந்த இரண்டு கட்சியும் நம் மனசுக்குள்ளேயே மோதிக்கொள்ள வேண்டும். அதற்கு சால் யார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். சக்காக நடித்த மைக்கேல் மெக்கீனின் முகத்தை அந்தக் கடைசிச் சில நிமிடங்களில் வெறும் வில்லனின் முகமாகப் பார்த்துவிட்டுப் போனால் நஷ்டம் பார்ப்பவருக்குத்தான்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆறாம் சீசன் ஒன்பதாம் எபிசோடின் கடைசிக் காட்சியிலிருந்து நேராக பிரேக்கிங் பேடுக்குள் போவது அருமையான பாய்ச்சல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போய்ச் சேர்ந்ததும் சால் அங்கே இல்லை. பதினான்கு எபிசோடு தாண்டி, பதினைந்தாவதில்தான் வருவான். அதுவரை முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கும் உறுத்தும்: பிரேக்கிங் பேட் 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தது, பெட்டர் கால் சால் டிஜிட்டல். மைக்காக நடித்த ஜோனதன் பேங்க்ஸ் 1947-இல் பிறந்தவர். பின்னால் எடுத்த முன்கதையில் அவருக்கு வயது கூடுதலாகத் தெரிகிறது, கதையில் ஆறு வருடம் கழிந்ததும் திடீரென்று இளமையாகிவிடுகிறார். தவிர, அந்தக் கறுப்பு வெள்ளைத் தொடக்கங்களைக் கத்தரித்து எடுத்தாலொழியக் காலவரிசை சுத்தமாக வராது. மறுமுறை பார்ப்பவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு இல்லை. படம் முடிந்த கையோடு அந்தக் கடைசி நான்கு எபிசோடுகளைப் போட்டபோது, 2022-இல் வாராவாரம் பார்த்ததைவிட ஆழமாக இறங்கியது. ஆனால் முதல் முறை பார்ப்பவருக்கு இதைச் சொல்வது, வழி தெரியாதவரைக் குறுக்குச் சந்தில் இறக்கிவிடுவது மாதிரி.

எல் கமினோ எங்கே வர வேண்டும் என்பதிலும் ஒரு சின்னத் தகராறு உண்டு. வெளியான வரிசையை அப்படியே பின்பற்றினால் பெட்டர் கால் சாலின் நான்காம், ஐந்தாம் சீசன்களுக்கு நடுவே வரும். வேண்டாம். பிரேக்கிங் பேட் முடிந்த அன்றைக்கோ மறுநாளோ பார்த்துவிடுங்கள். அந்தக் கடைசி எபிசோடின் மூச்சு அடங்குவதற்குள் பார்க்க வேண்டிய படம். யாருடைய கதை என்று சொல்வதே பாதியை உடைத்துவிடும், அதனால் சொல்லவில்லை.

வெளியான வரிசைக்கு இன்னொரு நியாயம் இருக்கிறது. இந்தக் கதை திட்டம் போட்டு வளர்ந்த மரம் இல்லை. முதலில் கலிபோர்னியாவில் நடப்பதாக எழுதப்பட்டது. நியூ மெக்சிகோ கொடுத்த வரிச்சலுகைக்காக அல்புகர்கிக்கு வந்தது. அந்தப் பாலைவனமும் வானமும் இல்லாத பிரேக்கிங் பேடை இப்போது நினைத்துக்கூடப் பார்க்க முடியுமா? ஜெஸ்ஸியை முதல் சீசனிலேயே சாகடித்துவிடுவதாக, தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனுக்கு ஒரு யோசனை இருந்தது. அந்த வேடத்தில் ஆரோன் பால் நடித்ததைப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். இரண்டாம் சீசன் கடைசி எபிசோடுக்கு, சாலாக நடித்த பாப் ஓடென்கிர்க் வேறு படப்பிடிப்பில் இருந்ததால் வர முடியவில்லை. சால் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய அவசரமாக ஓர் ஆள் தேவைப்பட்டார். அப்படி வந்தவர்தான் மைக். பெட்டர் கால் சால் முதல் எபிசோடில் அதே மைக் நீதிமன்ற வாகன நிறுத்தத்தின் சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒட்டுச்சீட்டு குறைகிறது என்று ஜிம்மியை வெளியே விட மறுக்கிறார். ஜிம்மி கத்துகிறான். மைக் கண்ணைக்கூட இமைக்கவில்லை. வால்ட் வழியாக வந்தவருக்கு அந்தக் கூண்டு ஒரு பொக்கிஷம்: இந்த மனுஷன் இங்கேயா இருந்தார், இந்த இரண்டு பேரும் இப்படியா ஆரம்பித்தார்கள்? கில்லிகனும், அவரோடு சேர்ந்து பெட்டர் கால் சாலை உருவாக்கிய பீட்டர் கூல்டும் கீழே சிந்திக் கிடந்த ஒவ்வொரு துண்டையும் பொறுக்கி எடுத்து, இது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஏழு வருடம் யோசித்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகளை முதலில் நம் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் அவர்கள் உழைப்பு தெரியும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது என் அம்மா. பிரேக்கிங் பேட் இரண்டாம் எபிசோடில் ஒரு குளியல் தொட்டி சமாச்சாரம் வரும். அதோடு எழுந்து போனவர் திரும்ப வரவே இல்லை. பெட்டர் கால் சாலை முழுக்கப் பார்த்தார். அவருக்கு அது குற்றக்கதையே இல்லை. இரண்டு அண்ணன் தம்பி, சொத்துக்காக இல்லாத ஒரு சண்டை, நடுவில் ஒரு நல்ல பொண்ணு. ஜிம்மிக்கு கிம் பரிசாகக் கொடுத்த அந்தக் கோப்பை, உலகின் இரண்டாவது சிறந்த வக்கீல் என்று எழுதியது, புது நிறுவனம் கொடுத்த விலை உயர்ந்த காரின் கோப்பை வைக்கும் வளையத்துக்குள் நுழையாமல் முட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் ஜிம்மி இரும்புக் கம்பியை எடுத்து அந்த வளையத்தையே உடைப்பான். அம்மா அந்த இடத்தில், "இந்த வேலை இவனுக்கு ஒட்டாது" என்றார். அவ்வளவு பிடித்துப் பார்த்தவரிடம் வரிசை தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வராது. இரத்தம் பார்க்க முடியாதவர்கள், பிரேக்கிங் பேடை இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறையும் விட்டவர்கள், சாலில் தொடங்கட்டும். கடைசி நான்கு எபிசோடு மட்டும் புரியாமல் போகும். பழைய தொடரின் நிழல் அவற்றில் நிறைய விழுகிறது. அதைத் தெரிந்துகொண்டே பார்த்தால் போதும்.

மற்றவர்களுக்கு என் பதில் மாறவில்லை. வால்ட், உடனே படம், பிறகு சால். இரண்டு தொடருக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஏனென்றால் பெட்டர் கால் சால் வேகமாக நடக்காது. பிரேக்கிங் பேட் ஐந்தாம் சீசனின் ஓட்டத்திலிருந்து நேராக வந்தால் முதல் நாலு எபிசோடு கால் இழுப்பது போல இருக்கும். பார்த்து முடியும்வரை எந்தப் பாத்திரத்தின் பெயரையும் இணையத்தில் தேடாதீர்கள். பெயரை முழுதாக அடிப்பதற்குள் அவர் கதி என்ன ஆகிறது என்று தேடுபெட்டியே சொல்லிவிடும். அப்படித்தான் என் தோழி ஒருத்திக்கு, வால்டரின் சகலை ஹாங்க் விஷயத்தில் எல்லாம் முன்பே தெரிந்துபோனது. பிரேக்கிங் பேட் மூன்றாம் சீசனில் ஓர் எபிசோடு முழுக்க ஆய்வகத்துக்குள் ஓர் ஈயைத் துரத்துவார்கள். செலவைக் குறைக்க ஒரே இடத்தில் எடுத்தது, ரசிகர்களில் பாதிப் பேர் அதைத் தாண்டிவிடச் சொல்வார்கள். தாண்டாதீர்கள். வால்டர் தூக்கக் கலக்கத்தில் வாயை விடப்போகும் அந்த இரவுதான் எனக்கு அந்தத் தொடரின் நடு உச்சி.

எல்லாம் முடிந்து ஒரு வருடம் போன பிறகு, மூன்றாவது வழியில் இன்னொரு சுற்று போங்கள். அப்போது ஸ்கைலர் உங்களுக்கு வேறு பெண்ணாகத் தெரிவாள்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னேன். இவரும் கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: அவன் பாலைவனக் காட்சிக்கு வரும்போது நாம் இருவரும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். தம்பி வேகமாக ஓட்டிவிட்டான். நேற்று இரண்டாம் சீசன் ஏழாம் எபிசோடு முடித்தானாம். "அடுத்ததுல ஒரு வக்கீல் வருவார்னு போட்டிருக்கு, காமெடியா இருக்குமாமே" என்றான். ஆமாம்டா, நல்லா சிரிப்பு வரும் என்றேன். இன்று இரவு எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறான்.